கோட்டைத் தொகுதியின் கடைசி 6 சென்ட்

கேள்வி: நான் டெக்சாஸில், டல்லாஸுக்கு வடக்கே காலின் கவுன்டியில் வசிக்கும் மென்பொருள் பொறியாளர். எங்கள் பிரதிநிதிகள் சபைத் தொகுதியில் நான் இங்கே குடிவந்த நாளிலிருந்து குடியரசுக் கட்சிதான் வென்று வருகிறது. வரும் நவம்பர் 3 தேர்தலிலும் அந்தக் கட்சியே வெல்லும் என்ற ஒப்பந்தம் நிகழ்வுகளின் முடிவைப் பற்றிய ஒப்பந்தங்களை வாங்கி விற்கும் ஒரு கணிப்புச் சந்தையில் 94 சென்ட்டுக்குக் கிடைக்கிறது. வென்றால் 1 டாலர் கொடுப்பார்கள். வீடு வாங்க முன்பணமாகச் சேர்த்திருக்கும் 12,000 டாலரை ஜனவரி வரை இதில் போட்டு வைக்கலாமா? இப்படிப்பட்ட 20 தொகுதிகளில் பிரித்துப் போட்டால் அபாயமே இல்லை என்கிறார் அலுவலக நண்பர். கோயம்புத்தூரில் இருக்கும் என் மைத்துனரும் 10 லட்சம் ரூபாய் அனுப்பி, என் கணக்கிலேயே போடச் சொல்கிறார். 94 சென்ட் என்றால் எதிர்க்கட்சிக்கு உண்மையிலேயே 6 சதவீத வாய்ப்பு இருக்கிறது என்று பொருளா?

பதில்:

முக்கியமான கேள்விக்கு முதலில் நேராகப் பதில் சொல்லிவிடுகிறேன். முன்பணத்துக்காகச் சேர்த்த 12,000 டாலரை இதில் போட வேண்டாம். உங்கள் தொகுதியில் குடியரசுக் கட்சி தோற்றுவிடும் என்று நினைத்து நான் இதைச் சொல்லவில்லை. அந்தக் கட்சி வெல்வதற்கு 94 சதவீதத்தைவிடக் கூடுதல் வாய்ப்பு இருப்பதாகவே நான் கருதுகிறேன். அப்படியிருந்தும் வேண்டாம் என்பதற்குக் காரணம், அந்த 6 சென்ட்டில் பெரும்பகுதி உங்கள் பணம் மாதக்கணக்கில் முடங்கிக் கிடப்பதற்கான கூலியாகவும், ஒப்பந்த வாசகத்திலும் தேர்தல் சட்டத்திலும் இருக்கிற அபாயங்களுக்கான ஈடாகவும் இருக்கிறது என்பதுதான். இவற்றைக் கழித்துவிட்டால் உங்கள் கையில் மிஞ்சுவது மிகச் சொற்பம். இழக்க நேர்ந்தாலோ முழுத் தொகையும் போய்விடும்.

கணிப்புச் சந்தையின் விலையை அப்படியே வாய்ப்பு வீதமாகப் படிக்கும் பழக்கம் இப்போது செய்தித்தாள்களிலும் வந்துவிட்டது. இரு தரப்பும் சமபலத்தில் இருந்து, பலர் பெருந்தொகையோடு வாங்கி விற்கும் சந்தையில், 50-ஐ ஒட்டிய விலைகளுக்கு அது ஓரளவு பொருந்தும். ஆனால் 90-க்கு மேலும் 10-க்குக் கீழும் உள்ள விலைகளில் அந்தப் பழக்கம் தவறான இடத்துக்குக் கொண்டுபோய்விடுகிறது. கட்சி வெல்வது 99 சதவீதம் உறுதி என்று அறிந்த ஒருவர் 94 சென்ட்டில் வாங்கி விலையை 99-க்கு உயர்த்திவிட வேண்டாமா என்று நீங்கள் கேட்கலாம். உயர்த்தலாம், ஆனால் அதற்கு அவர் தன் பணத்தை ஜனவரி வரை பூட்டி வைக்க வேண்டும், கட்டணம் கொடுக்க வேண்டும், சந்தை நிறுவனம் ஒப்பந்தத்தை அவர் எதிர்பார்த்தபடியே தீர்க்கும் என்றும் நம்ப வேண்டும். பெரிய முதலீட்டாளர்களின் பணத்துக்கு இதைவிட நல்ல வேலைகள் இருக்கின்றன. ஆகவே ஒரு தொகுதிச் சந்தையில் கடைசிச் சில சென்ட்டுகளை நிரப்ப ஆள் வருவதில்லை.

கட்டணம் ஒரு விலையை எப்படி நிறுத்திவைக்கும் என்பதற்குப் பிரெடிக்ட்இட் சந்தை நல்ல சான்று. நியூசிலாந்தின் விக்டோரியா பல்கலைக்கழகத்தின் பெயரில் 2014-ல் தொடங்கிய அந்தச் சந்தை, பல ஆண்டுகள் லாபத்தில் 10 சதவீதத்தையும் பணத்தை வெளியே எடுக்கும்போது 5 சதவீதத்தையும் பிடித்துக்கொண்டது. அங்கே 95 சென்ட்டுக்கு வாங்கிய ஒப்பந்தம் வென்றால், 5 சென்ட் லாபத்தில் அரை சென்ட் போய் 99.5 சென்ட் வரும். அதை வெளியே எடுக்க 5 சதவீதம் கொடுத்தால் கையில் நிற்பது 94.5 சென்ட். முழு உறுதியான வெற்றியிலும் வாங்கியவருக்கு நட்டம்! அப்படிப்பட்ட சந்தையில் ஒரு கோட்டைத் தொகுதி 94-ல் நின்றால், அந்த விலை வாக்காளர்களைப் பற்றி நமக்கு எதுவும் சொல்லவில்லை, கட்டணப் பட்டியலைப் பற்றித்தான் சொல்கிறது. இன்று கால்ஷி போன்ற சந்தைகளில் கட்டணம் மிகக் குறைவு என்பதால் இந்த விளைவும் சுருங்கியிருக்கிறது, ஆனாலும் மறைந்துவிடவில்லை.

மறுபக்கத்திலிருந்தும் ஓர் அழுத்தம் உண்டு. வெல்ல வாய்ப்பே இல்லாத குதிரையின் மீது மக்கள் அளவுக்கு மீறிய விலை கொடுத்துப் பணம் கட்டுவார்கள் என்பது குதிரைப் பந்தயங்களை ஆராய்ந்தவர்கள் நெடுங்காலமாகக் கண்டுவரும் உண்மை. 4 சென்ட்டுக்கு வாங்கினால் 25 மடங்கு கிடைக்கும் என்ற ஆசையும், தன் கட்சிமீது ஒருவருக்குள்ள பற்றும் சேர்ந்து, தோற்கப்போகிற தரப்பின் விலையைத் தாங்கிப் பிடிக்கின்றன. 2020 நவம்பர் 7 அன்று பைடன் வென்றதாகப் பெரிய செய்தி நிறுவனங்கள் அறிவித்த பிறகும்கூட, டிரம்ப் வெல்வார் என்ற ஒப்பந்தங்கள் சில வாரங்கள் 10 சென்ட்டுக்கு மேல் விலைபோயின. ஆகவே உங்கள் கடைசிக் கேள்விக்கான பதில் இது: எதிர்க்கட்சிக்கு 6 சதவீத வாய்ப்பு இருக்கிறது என்று பொருள் இல்லை. தேர்தல் நெருங்கிய நேரத்தில் தொகுதிகளின் நிலையை மதிப்பிடும் குக் பொலிட்டிகல் ரிப்போர்ட் போன்ற அமைப்புகள் முழுப் பாதுகாப்பானவை என்று வகைப்படுத்திய தொகுதிகளில் 100-க்கு 99-க்கும் மேற்பட்டவை அந்தந்தக் கட்சியிடமே நின்றிருக்கின்றன.

அண்மைக்கால எடுத்துக்காட்டு ஒன்றைச் சொல்கிறேன். ஃபுளோரிடாவின் 6-வது தொகுதியில் 2025 ஏப்ரல் 1 அன்று இடைத்தேர்தல் நடந்தது. முந்தைய நவம்பரில் குடியரசுக் கட்சி ஏறத்தாழ 33 சதவீதப் புள்ளி வித்தியாசத்தில் வென்ற இடம் அது. ஜனநாயகக் கட்சி வேட்பாளர் ஜோஷ் வைல் பல மில்லியன் டாலர் நன்கொடை திரட்டினார். குடியரசுக் கட்சியின் சொந்தக் கருத்துக்கணிப்பு ஒன்றிலேயே அவர் முந்தியிருப்பதாகச் செய்தி கசிந்தது. கட்சித் தலைமை பதறியது. முடிவில் குடியரசுக் கட்சியின் ராண்டி ஃபைன் சுமார் 14 புள்ளி வித்தியாசத்தில் வென்றார். வித்தியாசம் பாதிக்கும் கீழே இறங்கியது. கட்சிக்கு அது கவலை தருகிற சரிவு. ஆனால் ஒப்பந்தம் வைத்திருந்தவருக்கு வித்தியாசத்தைப் பற்றிக் கவலையில்லை, வென்றால் 1 டாலர், அவ்வளவுதான். கோட்டைத் தொகுதியின் பலம் இதுதான்: கட்சியின் செல்வாக்கு வெகுவாகச் சரிந்தாலும் வெற்றி மட்டும் தப்பிவிடுகிறது.

அப்படியானால் கோட்டைகள் விழுந்ததே இல்லையா என்றால், விழுந்திருக்கின்றன. அவை விழுந்த விதத்தைப் பார்ப்பது உங்களுக்கு மிகவும் பயன்படும், ஏனென்றால் வாக்காளர் மனம் மாறியதால் விழுந்தவற்றைவிட, வேட்பாளர், நாள்காட்டி, வாக்குச்சீட்டுச் சட்டம் ஆகியவற்றால் விழுந்தவையே மனத்தில் நிற்கின்றன.

உங்கள் மாநிலத்திலேயே, ஹூஸ்டனை அடுத்த சுகர்லேண்டை உள்ளடக்கிய 22-வது தொகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். சபையில் குடியரசுக் கட்சியின் பெரும்பான்மைத் தலைவராக இருந்த டாம் டிலேயின் தொகுதி அது. வழக்கில் சிக்கியிருந்த அவர், 2006 மார்ச்சில், கட்சியின் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் உட்கட்சித் தேர்தலில் வென்றுவிட்டு, பிறகு போட்டியிலிருந்து விலகிப் பதவியையும் விட்டார். அவருக்குப் பதிலாக வேறொருவர் பெயரை வாக்குச்சீட்டில் சேர்க்கக் கட்சி முயன்றபோது, சட்டப்படி அது முடியாது என்று நீதிமன்றங்கள் தீர்ப்பளித்தன. குடியரசுக் கட்சியின் ஷெல்லி செக்குலா-கிப்ஸ், தன் பெயரை வாக்காளரே தேடி எழுதிச் சேர்க்கும்படி கேட்டு நிற்க வேண்டியதாயிற்று. அந்த நவம்பரில் ஜனநாயகக் கட்சியின் நிக் லாம்ப்சன் வென்றார். தொகுதியின் மனம் மாறிவிடவில்லை என்பதற்குச் சான்று, 2008-ல் அது மீண்டும் குடியரசுக் கட்சியிடமே திரும்பியது. தொகுதி பாதுகாப்பானது என்று 2006 பிப்ரவரியில் நம்பி வாங்கியிருக்கக்கூடிய ஒருவரின் கணிப்பு சரிதான். ஆனால் ஒப்பந்தம் அந்த ஒரு தேர்தலுக்கு உரியது, 2008 அவருக்கு உதவியிருக்காது.

இதேபோல எதிர்க்கட்சிப் பக்கத்தில் நடந்தது நியூ ஆர்லியன்ஸ் நகரின் லூசியானா 2-வது தொகுதி. 1891-க்குப் பிறகு அங்கிருந்து ஒரு குடியரசுக் கட்சிக்காரர் சபைக்குப் போனதே இல்லை. 2008 நவம்பரில் ஒபாமா அந்தத் தொகுதியில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு வாக்குகளைப் பெற்றார். ஆனால் ஜனநாயகக் கட்சி உறுப்பினர் வில்லியம் ஜெபர்சன் ஊழல் குற்றச்சாட்டுக்கு ஆளாகியிருந்தார். அவர் வீட்டுக் குளிர்பெட்டியில் 90,000 டாலர் ரொக்கம் கண்டெடுக்கப்பட்டது நாடறிந்த செய்தி. அதுமட்டும் அவரை வீழ்த்தியிருக்குமா என்பது ஐயம்தான், ஏனென்றால் உட்கட்சித் தேர்தலில் அவர் தப்பித்துவிட்டார். குஸ்டாவ் புயலால் தேர்தல் அட்டவணை தள்ளிப்போய், இறுதிப் போட்டி டிசம்பர் 6-க்கு வந்தது. ஒபாமாவுக்கு வாக்களிக்கத் திரண்ட கூட்டம் அன்று வரவில்லை. வியட்நாமில் பிறந்த ஜோசப் காவோ, குடியரசுக் கட்சியின் சார்பில் சில ஆயிரம் வாக்குகளுக்குள் வென்றுவிட்டார். 2010-ல் ஜனநாயகக் கட்சி அந்த இடத்தை எளிதாக மீட்டது. ஒரு புயல் தேர்தல் நாளை மாற்றும் என்பதை எந்த வாக்காளர் புள்ளிவிவரமும் முன்கூட்டிக் காட்டியிருக்காது.

கலிபோர்னியாவில் உட்கட்சித் தேர்தல் முறையே வேறு. கட்சி எதுவானாலும் முதல் இரண்டு இடங்களில் வருபவர்களே நவம்பரில் மோதுவார்கள். 2012-ல் ஜனநாயகக் கட்சிக்குச் சாதகமான 31-வது தொகுதியில் அந்தக் கட்சியின் நான்கு வேட்பாளர்கள் வாக்கைச் சிதறடித்ததால், இரண்டு குடியரசுக் கட்சியினர் நவம்பர் போட்டிக்குத் தேறினார்கள். ஜூன் மாதத்திலேயே முடிவு தெரிந்துவிட்டது.

உங்கள் காலின் கவுன்டிக்கு வருகிறேன். 'குடிவந்த நாளிலிருந்து' வெல்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சொல்லை நான் அவ்வளவு உறுதியாக ஏற்கமாட்டேன். கவுன்டியின் பெரும்பகுதியைக் கொண்ட 3-வது தொகுதியில், பழைய எல்லைகளின்படி 2020 அதிபர் தேர்தலில் டிரம்ப் மிகக் குறைந்த வித்தியாசத்தில்தான் முந்தியிருந்தார். பிளேனோவிலும் ஃப்ரிஸ்கோவிலும் புதிதாகக் குடியேறியவர்களால் தொகுதியின் முகம் மாறிவந்தது. 2021-ல் மாநிலச் சட்டமன்றம் எல்லைகளை மறுவரையறை செய்து கிராமப்புறப் பகுதிகளைச் சேர்த்த பிறகுதான் அது மீண்டும் கோட்டையானது. 2025 ஆகஸ்டில் டெக்சாஸ் தன் தொகுதிகளை மீண்டும் ஒருமுறை வரைந்தது; அந்த வரைபடம் நீதிமன்றத்தில் தடைபட்டு, பிறகு உச்ச நீதிமன்றத்தின் இடைக்கால ஆணையால் உயிர்பெற்றது. ஆகவே பழைய தேர்தல் முடிவுகளை எடுத்துப் பார்க்கும்போது, அவை இன்றைய எல்லைகளுக்குள் வாழும் வாக்காளர்களின் முடிவுகளா என்று சரிபாருங்கள். தொகுதி எண் அதுவே, மக்கள் வேறு என்ற நிலை டெக்சாஸில் சாதாரணமாகிவிட்டது.

அதே 3-வது தொகுதி இன்னொரு பாடத்தையும் தருகிறது. 2022 மார்ச் உட்கட்சித் தேர்தலில் அப்போதைய உறுப்பினர் வான் டெய்லர் முதலிடம் பெற்றார். ஆனால் 50 சதவீதத்தைத் தொடச் சற்றே தவறி, இரண்டாம் சுற்றுக்குத் தள்ளப்பட்டார். மறுநாளே, தனிப்பட்ட விவகாரம் ஒன்று வெளியானதால், போட்டியிலிருந்து விலகினார். இரண்டாமிடத்தில் வந்த கீத் செல்ஃப் வேட்பாளராகி நவம்பரில் எளிதாக வென்றார். கட்சியின் பெயரில் எழுதப்பட்ட ஒப்பந்தத்துக்கு இதனால் ஒரு கீறலும் விழாது. டெய்லர் பெயரில் எழுதப்பட்டது ஒரே இரவில் வெறும் தாளாகியிருக்கும். வர்ஜீனியாவின் 7-வது தொகுதியில் 2014-ல் சபைப் பெரும்பான்மைத் தலைவர் எரிக் கேன்டருக்கும் இதுதான் நேர்ந்தது. அவருடைய சொந்தக் கருத்துக்கணிப்பு 34 புள்ளி முன்னிலை காட்டிய உட்கட்சித் தேர்தலில் டேவ் பிராட்டிடம் தோற்றார். தொகுதி கட்சியிடமே இருந்தது. கட்சிக்கு வாங்குகிறோமா, ஆளுக்கு வாங்குகிறோமா என்பதை ஒப்பந்தத்தின் தலைப்பில் பார்க்காதீர்கள், விதிமுறைப் பக்கத்தில் பாருங்கள்.

விதிமுறைப் பக்கத்தில் இன்னும் இரண்டு இடங்களை நிறுத்தி நிதானமாகப் படிக்க வேண்டும். ஒன்று, எது நடந்தால் ஒப்பந்தம் தீர்க்கப்படும் என்பது. 2024 அதிபர் தேர்தலில் பாலிமார்க்கெட் என்ற கணிப்புச் சந்தை மூன்று செய்தி நிறுவனங்களின் அறிவிப்பை வைத்துத் தீர்த்தது. கால்ஷியின் ஒப்பந்தமோ 2025 ஜனவரி 20 பதவியேற்பு வரை காத்திருந்தது. ஒரே முடிவு, இரண்டு சந்தைகளில் இரண்டு தேதிகள். மற்றொன்று, வென்றதாகத் தோன்றியவர் பதவியேற்காவிட்டால் என்ன ஆகும் என்பது. வட கரோலினாவின் 9-வது தொகுதியில் 2018-ல் குடியரசுக் கட்சியின் மார்க் ஹாரிஸ் 905 வாக்குகள் முன்னிலையில் இருந்தார். அஞ்சல் வாக்கு மோசடி வெளிவந்ததால் மாநிலத் தேர்தல் வாரியம் முடிவைச் சான்றளிக்க மறுத்தது, மறுதேர்தல் 2019 செப்டம்பரில்தான் நடந்தது. அது நெருக்கமான போட்டி என்பதால் உங்கள் தொகுதியோடு நேரடியாக ஒப்பிட முடியாது. ஆனால் அன்று ஒப்பந்தம் வைத்திருக்கும் ஒருவருக்குப் பணம் வருமா, எப்போது வரும் என்பதைத் தீர்மானிப்பது வாக்குகள் அல்ல, ஒப்பந்தத்தில் எழுதியிருக்கும் ஒரு வாக்கியம்தான் என்பதைக் காட்ட இதைவிடத் தெளிவான நிகழ்வு எனக்குத் தெரியாது.

இனி கணக்கைப் பார்ப்போம். 94 சென்ட்டில் 12,000 டாலருக்கு 12,766 ஒப்பந்தங்கள் கிடைக்கும். வென்றால் லாபம் 766 டாலர். கால்ஷியின் பொதுவான கட்டணச் சூத்திரம், விலையை அதன் எஞ்சிய பகுதியால் பெருக்கி வருவதில் 7 சதவீதம். 94 சென்ட்டில் அது ஓர் ஒப்பந்தத்துக்கு ஏறத்தாழ 0.4 சென்ட், மொத்தத்தில் 50 டாலர். மீதி 716 டாலர். அதே 12,000 டாலரை அமெரிக்க அரசின் குறுகியகாலக் கடன்பத்திரமான ட்ரெஷரி பில்லில் ஆண்டுக்கு 4 சதவீதத்தில் 10 மாதம் வைத்ததாகக் கொண்டால் 400 டாலர் கிடைக்கும், அதுவும் தேர்தல் எப்படிப் போனாலும். ஆக, உங்கள் 12,000 டாலர் முழுவதையும் பணயம் வைப்பதற்கு நீங்கள் பெறும் கூடுதல் ஊதியம் சுமார் 316 டாலர். சில சந்தைகள் முடங்கியிருக்கும் தொகைக்கு வட்டி தருகின்றன; உங்கள் சந்தை தருகிறதென்றால் இந்தக் கணக்கு உங்களுக்குச் சாதகமாகச் சற்று மாறும். தராவிட்டால், ட்ரெஷரி பில்லோடு சமன் ஆவதற்கே கட்சியின் வெற்றி வாய்ப்பு 97.5 சதவீதமாக இருக்க வேண்டும்.

இதுவும் 94 சென்ட்டில் 12,766 ஒப்பந்தங்கள் கிடைத்தால்தான். தொகுதி அளவிலான சந்தைகளில் அவ்வளவு சரக்கு இருப்பதில்லை. திரையில் தெரியும் விலை, விற்பதற்குக் காத்திருக்கும் சில நூறு ஒப்பந்தங்களின் விலையாக இருக்கலாம். அவற்றை வாங்கி முடித்ததும் அடுத்தது 95, அதற்கடுத்தது 97 என்று உங்கள் பணமே விலையை ஏற்றிக்கொண்டு போகும். சராசரி 96 சென்ட்டில் வாங்கி முடித்தால் கட்டணம் போக லாபம் 466 டாலர். ட்ரெஷரி பில்லைவிட 66 டாலர் அதிகம். இடையில் வீடு அமைந்து பணம் தேவைப்பட்டால் விற்றுவிட்டு வெளியேறலாம் என்று எண்ணாதீர்கள். வாங்க நினைப்பவர்கள் அந்த நேரத்தில் கேட்கும் விலை 90 ஆகவும் இருக்கலாம், ஆளே இல்லாமலும் இருக்கலாம். எனக்கு இதில் மிகுந்த கவலை தருவது தேர்தல் முடிவைவிட இந்த முடக்கம்தான். வீட்டு முன்பணம் என்பது எந்த வாரத்திலும் தேவைப்படக்கூடிய பணம்.

உங்கள் மதிப்பீட்டின் துல்லியத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. பெல் ஆய்வகத்தில் பணியாற்றிய ஜான் கெல்லி 1956-ல் வெளியிட்ட சூத்திரம், ஒரு பந்தயத்தில் கைப்பணத்தில் எத்தனை பங்கைப் போடலாம் என்பதைக் கணக்கிடுகிறது. கட்டணத்தையும் காலத்தையும் ஒதுக்கிவிட்டு 94 சென்ட்டுக்கு அதைப் பொருத்தினால், உண்மையான வாய்ப்பு 97 சதவீதம் என்றால் கைப்பணத்தில் பாதியைப் போடச் சொல்கிறது. 95 சதவீதம் என்றால் ஆறில் ஒரு பங்கு. 94 சதவீதம் என்றால் ஒரு சென்ட்டும் போடக் கூடாது. பாதி என்பதற்கும் ஒன்றுமில்லை என்பதற்கும் நடுவே இருப்பது வெறும் 3 சதவீதப் புள்ளி. ஒரு தொகுதியில் வெற்றி வாய்ப்பு 94-ஆ 97-ஆ என்று பிரித்தறிய உங்களாலும் முடியாது, என்னாலும் முடியாது, தேர்தல்களையே தொழிலாகக் கொண்டவர்களுக்கும் கடினம். வாஷிங்டன் மாநிலத்தின் 3-வது தொகுதியில் 2022-ல் தேர்தல் கணிப்புகளை வெளியிட்ட ஃபைவ்தர்ட்டிஎயிட் அமைப்பு, ஜனநாயகக் கட்சியின் மாரி குளூசன்காம்ப் பெரஸுக்கு 100-க்கு 2 வாய்ப்புத்தான் கொடுத்திருந்தது. அவர் 3,000-க்கும் குறைந்த வாக்கு வித்தியாசத்தில் வென்றார். குடியரசுக் கட்சியின் நடப்பு உறுப்பினரை உட்கட்சியினரே வெளியேற்றி, தீவிரப் போக்குடைய ஒருவரை நிறுத்தியதன் விளைவு அது. 100-க்கு 2 என்பதும் சில வேளை நடக்கத்தான் செய்யும் என்பதால் அந்தக் கணிப்பைத் தவறு என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் மறுபக்கத்தில் முன்பணத்தை வைத்திருக்கும் ஒருவருக்கு அந்த விளக்கம் ஆறுதல் தராது.

நண்பரின் 20 தொகுதி யோசனையில் ஒரு நன்மை உண்மையாகவே இருக்கிறது: ஒவ்வொரு சந்தையிலும் 600 டாலர்தான் என்பதால் விலையை ஏற்றாமல் வாங்க முடியும். ஆனால் அபாயமே இல்லை என்பது சரியல்ல. ஒரு தோல்வி ஏறத்தாழ 16 வெற்றிகளின் லாபத்தை விழுங்கும். 20-ல் ஒன்று தோற்றாலே கட்டணம் போக மிஞ்சுவது 80 டாலருக்கும் குறைவு. இரண்டு தோற்றால் 500 டாலருக்கு மேல் நட்டம். மேலும், இந்தத் தோல்விகள் ஒன்றோடொன்று தொடர்பில்லாமல் வருவதில்லை. அதிபரின் பதவிக்காலத்துக்கு நடுவே வரும் இடைக்காலத் தேர்தலில் அவருக்கு எதிரான அலை அடித்தால் பல கோட்டைகள் ஒரே இரவில் ஆட்டம் காணும். 2010-ல் ஜனநாயகக் கட்சி 63 இடங்களை நிகரமாக இழந்தபோது, மினசோட்டாவில் 36 ஆண்டுகள் உறுப்பினராக இருந்த ஜிம் ஓபர்ஸ்டாரும் வீழ்ந்தார். 2018-ல் தென் கரோலினாவின் 1-வது தொகுதியும் ஓக்லஹோமாவின் 5-வது தொகுதியும் ஒரே நாளில் ஜனநாயகக் கட்சிக்குப் போயின. இரண்டிலும் முந்தைய அதிபர் தேர்தலில் டிரம்ப் 13 புள்ளிகள் அளவில் முந்தியிருந்தார். வரும் நவம்பரும் இடைக்காலத் தேர்தல்தான். உங்கள் நண்பர் தேர்ந்தெடுக்கும் 20 தொகுதிகளும் ஒரே கட்சியின் கோட்டைகள் என்றால், அவர் பிரித்துப் போடவில்லை, ஒரே பந்தயத்தை 20 துண்டாக்கியிருக்கிறார்.

மைத்துனரின் பணத்தைப் பொறுத்தவரை எனக்குத் தயக்கமே இல்லை; வாங்காதீர்கள். இந்தியாவில் 2025 ஆகஸ்டில் நிறைவேறிய இணைய விளையாட்டுச் சட்டம், பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளை நடத்துவதையும் அவற்றுக்கான பணப் பரிமாற்றத்தையும் தடை செய்கிறது. லாட்டரி, ஸ்வீப்ஸ்டேக்ஸ் போன்றவற்றுக்காக வெளிநாட்டுக்குப் பணம் அனுப்புவதை அந்நியச் செலாவணி விதிகள் ஏற்கெனவே தடுக்கின்றன. வேறு காரணம் சொல்லி அவர் பணம் அனுப்பினால், வங்கியில் பொய்யான நோக்கத்தை எழுதிக் கையெழுத்திட்டவர் அவராகிறார். இங்கே, பிறருடைய பணத்தை உங்கள் கணக்கில் போட்டு வர்த்தகம் செய்வது சந்தையின் கணக்கு விதிகளுக்கு முரணானது. பிறர் பணத்தைத் திரட்டி ஒப்பந்தங்களில் போடுவது இந்தச் சந்தைகளுக்கு உரிமம் தரும் கூட்டாட்சி அமைப்பான பண்டக முன்பேர வர்த்தக ஆணையத்தின் பதிவு விதிகளையும் தொடக்கூடும். உறவுக்குள் 10 லட்சம் ரூபாய் காணாமல் போனால் வரும் மனக்கசப்பை நான் உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

சட்டத்தைப் பற்றிப் பேசும்போது டெக்சாஸையும் குறிப்பிட வேண்டும். தேர்தல் முடிவின் மீது பந்தயம் கட்டுவதை அந்த மாநிலத்தின் தண்டனைச் சட்டம் குற்றமாக வரையறுத்திருக்கிறது. கூட்டாட்சி ஆணையத்தின் உரிமம் பெற்ற சந்தையில் வாங்கும் ஒப்பந்தத்துக்கு மாநிலச் சட்டம் பொருந்தாது என்பது சந்தை நிறுவனங்களின் வாதம். 2024-ல் கால்ஷி அந்த ஆணையத்துக்கு எதிராகவே வழக்காடி, சபையின் கட்டுப்பாடு எந்தக் கட்சிக்கு என்ற ஒப்பந்தங்களை விற்கும் உரிமையைப் பெற்றது. மாநிலங்களுக்கும் இந்த நிறுவனங்களுக்கும் இடையிலான வழக்குகள் வேறு களங்களில் தொடர்கின்றன. உரிமம் பெறாத, வெளிநாட்டிலிருந்து இயங்கும் சந்தையின் பக்கமே போகாதீர்கள். லாபம் வந்தால் அதை எந்த இனத்தில் வருமானமாகக் காட்டுவது என்பதிலும் வரி ஆலோசகர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. அது சூதாட்ட வருமானமாகக் கருதப்பட்டால், 2026 முதல் நட்டத்தில் 90 சதவீதத்தைத்தான் கழிக்க முடியும்.

இத்தனைக்குப் பிறகும் தேர்தலைக் கூர்ந்து பார்க்கும் ஆர்வத்தில் சிறிதளவு வாங்கிப் பார்க்க விரும்பினால், அதில் தவறில்லை. முழுவதும் போனாலும் வீட்டுத் திட்டத்தைத் தொடாத தொகையாக, 200 அல்லது 300 டாலராக, அது இருக்கட்டும். ஆள் பெயரில் உள்ளதை விட்டுக் கட்சி பெயரில் உள்ளதை வாங்குங்கள். திரையில் காட்டும் விலைக்கு உடனே வாங்காமல், உங்களுக்கு ஏற்ற விலையைக் குறித்து லிமிட் ஆர்டர் போட்டுக் காத்திருங்கள். சரக்கு குறைந்த சந்தையில் பொறுமைக்கு ஒன்றிரண்டு சென்ட் கிடைக்கும். வேட்பாளர்களை மாற்றுவதற்கான சட்டக் கெடுவும் எல்லை வழக்குகளும் முடிந்து, வாக்குச்சீட்டு அச்சான பிறகு, அதாவது அக்டோபரில், விலை இன்னும் 95 அல்லது 96-ல் நின்றால், அப்போது வாங்குவது இன்று 94-ல் வாங்குவதைவிட மேலானது: பணம் முடங்கும் காலமும் குறைவு, டாம் டிலே வகை அபாயங்களில் பெரும்பாலானவையும் கழிந்திருக்கும். 12,000 டாலரை அதுவரை, வீடு எப்போது அமையக்கூடும் என்பதற்கு ஏற்ப 3 மாத, 6 மாத ட்ரெஷரி பில்களில் பிரித்து வைத்திருங்கள்.

உங்கள் கடிதத்தில் ஒப்பந்தத்தின் தீர்வு விதியை முழுமையாகக் குறிப்பிடவில்லை. அதன் வாசகத்தையும், சந்தை முடங்கிய தொகைக்கு வட்டி தருகிறதா என்பதையும் எழுதி அனுப்பினால், 97.5 என்று நான் போட்ட கணக்கை உங்கள் ஒப்பந்தத்துக்கு ஏற்பத் திருத்தி எழுதுகிறேன்.